வாத்தியாரிடம் கேளுங்கள்: இந்த மாதம் முழுக்கக் காலாங்

சென்ற இதழில் உட்லண்ட்ஸ் வாசகர் ஒருவர், "நம் தேசிய விளையாட்டரங்கம் எந்த ஆண்டு கட்டியது?" என்று கேட்டிருந்தார். "பழையதா, புதியதா?" என்று மட்டும் திருப்பிக் கேட்டு நிறுத்திக்கொண்டேன். அவ்வளவுதான், கடிதம் கடிதமாக வந்துவிட்டது. பழைய அரங்கத்தின் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், புதிய அரங்கத்தில் கச்சேரி பார்த்தவர்கள், இரண்டையும் ரயிலிலிருந்து மட்டும் பார்த்தவர்கள் என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழ் முழுவதும், பழையதும் புதியதுமாக இரண்டு அரங்கமும் எழுந்த சிங்கப்பூர்க் காலாங்தான். முட்டிவலி, தொப்பை, புரோட்டீன் பவுடர் கேள்விகள் அடுத்த மாதம்.

கேள்வி: சார், இவ்வளவு பெரிய அரங்கத்தைக் காலாங்கில் கொண்டுபோய் வைத்தது ஏன்? முன்பு அங்கே என்ன இருந்தது?
(வாசகர், தெம்பனிஸ்)

விமான நிலையம் இருந்தது, தம்பி. சாங்கி, பாய லேபார் எல்லாவற்றுக்கும் முன்னால் நமக்குக் காலாங் விமான நிலையம்தான். 1937 ஜூனில் திறந்தார்கள். திறந்த சூட்டோடு, விமானத்தில் உலகைச் சுற்றக் கிளம்பிய அமெலியா ஏர்ஹார்ட் அங்கே வந்து இறங்கினார். அடுத்த மாதமே அவர் பசிபிக் கடலுக்கு மேல் காணாமல் போனது வேறு கதை.

விமானங்கள் பெரிதாகப் பெரிதாக அந்த இடம் போதவில்லை. 1955-இல் பாய லேபாருக்கு மாறிவிட்டார்கள். நகரத்தை ஒட்டி, ஆற்றோரமாக, பரந்த சமதளம் சும்மா கிடந்தது. தீவில் அப்படி ஒரு நிலம் வேறு எங்கே கிடைக்கும்? ஆனால் சதுப்பைத் தூர்த்த இடம் அது. அடியில் களிமண். கட்டடம் நிற்க வேண்டுமென்றால் ஆழத்துக்குத் தூண் இறக்க வேண்டும். 1966 இறுதியில் தொடங்கிய வேலை 1973 நடுவில்தான் முடிந்தது என்றால் அந்த மண்ணும் ஒரு காரணம்.

பழைய விமான நிலையக் கட்டடம் இன்னும் இருக்கிறது. நடுவில் வட்டமான கண்ணாடிக் கோபுரத்தோடு வெள்ளையாக நிற்கும். வெகுகாலம் மக்கள் கழகத்தின் தலைமையகமாக இருந்தது. காலாங் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

கேள்வி: சூதாட்டப் பணத்தில் கட்டிய அரங்கம் என்று என் மாமனார் சொல்கிறார். உண்மையா, விளையாட்டுக்குச் சொல்கிறாரா?
(வாசகி, ஈசூன்)

உங்கள் மாமனார் வார்த்தையைக் கொஞ்சம் கடுமையாகப் போட்டிருக்கிறார். விஷயம் சரிதான்.

1965-இல் தனி நாடானோம். வீடு கட்ட வேண்டும், வேலை கொடுக்க வேண்டும், ராணுவம் அமைக்க வேண்டும். அந்த நேரத்தில் பந்து விளையாட ஐம்பதாயிரம் பேர் உட்காரும் இடம் கேட்டால் யார் பணம் தருவார்கள்? இன்னொரு பக்கம், கள்ளத்தனமாக நடந்த லாட்டரியில் மக்களின் காசு கரைந்துகொண்டிருந்தது. அரசாங்கம் 1968-இல் சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. டோட்டோ லாட்டரி வந்தது. அடுத்த ஆண்டே 'சிங்கப்பூர் ஸ்வீப்' குலுக்கலும் வந்தது. அதன் வருமானம் அரங்கத்துக்குப் போனது. மொத்தச் செலவு ஏறத்தாழ 50 மில்லியன் வெள்ளி. அன்றைக்கு அது மலைக்கவைக்கும் தொகை. சமூக விவகார அமைச்சராக இருந்த ஒத்மான் வோக் இதில் விடாப்பிடியாக நின்றவர்.

எங்கள் வீட்டில் அப்பா டிக்கெட் வாங்கிவந்து, அம்மா முறைத்தால், "ஸ்டேடியத்துக்கு ஒரு செங்கல்" என்பார். பரிசு விழுந்ததாக எனக்கு நினைவில்லை. செங்கல் மட்டும் நிறையக் கொடுத்திருக்கிறார்.

கேள்வி: "காலாங் ரோர்", "காலாங் ரோர்" என்று பெரியவர்கள் எப்போதும் பெருமூச்சு விடுகிறார்கள். அப்படி என்னதான் இருந்தது அங்கே? படத்தில் பார்த்தால் வெறும் கான்கிரீட் கிண்ணமாகத்தான் தெரிகிறது.
(கல்லூரி மாணவர், செங்காங்)

கான்கிரீட் கிண்ணமேதான். அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. பெரும்பகுதிக்குக் கூரை கிடையாது. முதுகு சாய இடமில்லாத பெஞ்சு வரிசைகள். மழை வந்தால் நனைய வேண்டும், வெயில் வந்தால் காய வேண்டும். கழிப்பறை வரிசையைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன், குடும்பப் பத்திரிகை இது. இன்றைக்கு அப்படி ஓர் அரங்கத்தைக் கட்டினால் நீங்கள் எல்லாரும் மனு எழுதுவீர்கள்.

பிரதமர் லீ குவான் இயூ அதை 1973 ஜூலை 21-ஆம் தேதி திறந்துவைத்தார். அதே செப்டம்பரில் ஏழாவது தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகள் அங்கே நடந்தன. சிங்கப்பூர் அந்தப் போட்டிகளை ஏற்று நடத்தியது அதுதான் முதல் தடவை. அப்போது நான் பள்ளிப் படிப்பை முடித்த பையன். மலிவு டிக்கெட்டில் வளைவுப் பக்கம் உட்கார்ந்து, ஓட்டக்காரர்களின் முதுகைத்தான் அதிகம் பார்த்தேன்.

ஆனால் நீங்கள் கேட்கும் அந்த 'ரோர்', அதாவது கூட்டத்தின் கர்ஜனை, வந்தது காற்பந்தில். மலேசிய மாநில அணிகளோடு சிங்கப்பூரும் மோதிய மலேசியக் கிண்ணப் போட்டி. ஜாலான் புசார் அரங்கத்தில் நெருக்கியடித்துப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குத் திடீரென்று 55,000 பேருக்கு இடம் கிடைத்தது. டோல்லா காசிம், குவா கிம் சோங், மாட் நோ, அணித் தலைவர் சமத் அல்லாபிச்சை, அப்புறம் வளைத்து அடிப்பதற்குப் பேர்போன எஸ். ராஜகோபால். பயிற்றுவிப்பாளர் 'அங்கிள்' சூ செங் குவீ. நடுவர் எதிரணிப் பக்கம் சாய்ந்தால் "ரெஃப்ரீ காயு!" என்று சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் ஒரே மலாயில் திட்டுவார்கள். நடுவரை மரக்கட்டை என்கிறார்கள். அந்த அரங்கத்தில் இன ஒற்றுமைக்கு அதைவிடச் சிறந்த பாடம் நடந்ததில்லை என்பது ஓர் ஆசிரியராக என் கருத்து.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். அத்தனை ஆரவாரமும் காலாங்கில். கிண்ணத்தை வென்றதெல்லாம் வெளியூரில். 1977-இல் பினாங்கை 3-2 என்று வென்றதும், 1980-இல் சிலாங்கூரை 2-1 என்று வென்றதும் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில். 1994-இல் பகாங்கை 4-0 என்று மடக்கியது ஷா ஆலமில். அந்த 1994-க்குப் பிறகு நாம் அந்தப் போட்டியிலிருந்து விலகினோம். 1996-இல் நம் எஸ்.லீக் தொடங்கியது. நல்ல லீக்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரனைத் தோற்கடிக்கும் சுகம் அதில் இல்லை. ரோர் அதோடு பாதி அடங்கிவிட்டது. கட்டடம் மாறியதால் சத்தம் போனது என்று சொல்பவர்களிடம் நான் இந்த ஆண்டுக் கணக்கைத்தான் காட்டுவேன். பழைய அரங்கம் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நின்றதே!

இருந்தாலும் ஓரிரு இரவுகள் பழைய காலம் திரும்பிவந்தது. 2005 ஜனவரியில் இந்தோனேசியாவை வென்று, தென்கிழக்காசிய நாடுகளுக்கான டைகர் கிண்ணத்தை அங்கேயே கையில் வாங்கினோம். 2007 ஜனவரியில் தாய்லாந்துக்கு எதிரான இறுதியாட்டத்தின் முதல் சுற்றில், பெனால்டி கொடுத்ததை எதிர்த்துத் தாய்லாந்து ஆட்டக்காரர்கள் திடலை விட்டு இறங்கிப்போய், கால்மணி நேரம் கழித்துத் திரும்பிவந்தார்கள். பெனால்டியைப் போட்டோம், 2-1 என்று வென்றோம். அந்தப் பெனால்டி சரியா என்று மட்டும் என்னிடம் கேட்டு எழுதாதீர்கள்.

கேள்வி: அங்கே பெயர் வாங்கிய நம்மவர்களைப் பற்றி எழுதுங்கள் ஐயா. பிள்ளைகளுக்கு மெஸ்ஸியைத் தெரிகிறது, நம் ஆட்களைத் தெரியவில்லை.
(தமிழாசிரியை, பிடோக்)

சந்தோஷமாக எழுதுகிறேன் அம்மா. ஆனால் முதலில் ஒரு திருத்தம். பள்ளிகளில் பலர் சி. குணாளன் இந்த அரங்கத்தில் ஓடிப் புகழ்பெற்றதாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர் உச்சத்தில் இருந்தது அதற்கு முன்பு. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 33 ஆண்டுகள் அசையவில்லை. 2001-இல் யு.கே. ஷ்யாம் 10.37 ஓடி அதைத் தாண்டினார். இடைவெளி ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு. எங்களைப் போன்ற உடற்பயிற்சி ஆசிரியர்களுக்குக் குணாளன் எப்போதும் எங்கள் ஆள், அவரும் அதே தொழிலில் இருந்தவர்.

காலாங்கோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவர் பி.சி. சுப்பையா. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஓடியவர். காலணி இல்லாமல் ஓடுவார். 1973-இல் 10,000 மீட்டரை 31 நிமிடம் 19 வினாடியில் முடித்தார். அந்தச் சாதனையை முறியடிக்க 40 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதற்குள் காலணித் தொழில்நுட்பம் எங்கேயோ போய்விட்டது, கவனியுங்கள்.

கே. ஜெயமணியை உங்கள் மாணவிகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். 1977-இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் 1,500, 3,000 மீட்டர் இரண்டிலும் தங்கம். 1983-இல் போட்டிகள் சிங்கப்பூருக்கு வந்தபோது பெண்கள் மாரத்தானில் தங்கம். பெண்களால் அவ்வளவு தூரம் ஓட முடியுமா என்று படித்தவர்களே கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

காற்பந்தில் வி. சுந்தரமூர்த்தி. 80-களிலும் 90-களிலும் பந்து அவர் காலுக்கு வந்தால் பெஞ்சிலிருந்து எல்லாரும் எழுந்துவிடுவார்கள். பின்னாளில் தேசிய அணிக்குப் பயிற்றுவிப்பாளராகவும் இருந்தார். ஆர். சசிகுமாரின் புகழ்பெற்ற கோல் காலாங்கில் விழவில்லை. அது 1998 டைகர் கிண்ண இறுதியாட்டம், ஹனோயில், வியட்நாமுக்கு எதிராக. பந்து காலிலும் படவில்லை, தலையிலும் படவில்லை, முதுகுப் பக்கம் எங்கோ பட்டு உள்ளே போனது. கோல் கோல்தான்.

கடைசியாக ஒரு ஜோடி. 1973-இல் குளோரி பர்னபாஸ் 200 மீட்டரில் தங்கம் வென்றார். பர்மிய வீராங்கனையோடு மூக்குக்கு மூக்கு வந்து, படத்தைப் பார்த்துத்தான் முடிவைச் சொன்னார்கள். அதற்குப் பிறகு தென்கிழக்காசியப் போட்டிகளில் சிங்கப்பூர்ப் பெண் ஒருவர் குறுவிரைவோட்டத்தில் தங்கம் வெல்ல 42 ஆண்டுகள் ஆயின. 2015-இல் சாந்தி பெரேரா, அதே 200 மீட்டர், 23.60 வினாடி. இடமும் அதே இடம். மேலே கூரை மட்டும் புதுசு.

கேள்வி: நன்றாக இருந்த அரங்கத்தை ஏன் இடித்தார்கள்? மூடிய பிறகு புதியது வர ஏன் அவ்வளவு காலம் ஆனது?
(வாசகர், தோ பாயோ)

நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. மேலே பாருங்கள், பெஞ்சைப் பற்றி எழுதியிருக்கிறேன். 34 வயதில் அது களைத்துவிட்டது. 2007 ஜூன் 30-ஆம் தேதி விடை கொடுத்தோம். ஆஸ்திரேலியாவை அழைத்து ஒரு நட்புமுறை ஆட்டம் வைத்து, 3-0 என்று தோற்று, கும்பிட்டு அனுப்பினோம். விருந்தாளிக்கு மரியாதை செய்துவிட்டோம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

புதிய திட்டம் அரசாங்கமும் தனியாரும் சேர்ந்து செய்வது. தனியார் கூட்டமைப்பு ஒன்று தன் பணத்தில் வடிவமைத்து, கட்டி, நடத்தும், ஒப்பந்தம் 25 ஆண்டுக்கு. அரசாங்கம் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தும். ஏட்டில் அழகான ஏற்பாடு. அதற்குள் 2008 உலக நிதி நெருக்கடி. வங்கிகள் கையை விரித்தன, கட்டுமானச் செலவு ஏறியது. 2010-இல்தான் ஒப்பந்தம் கையெழுத்தாகி இடிப்பு வேலை தொடங்கியது. மொத்தம் 1.33 பில்லியன் வெள்ளித் திட்டம். 2014 ஜூனில் திறந்தார்கள். ஆக, விடை கொடுத்ததிலிருந்து புதியது திறக்க ஏழு ஆண்டு ஆனது. தேசிய அணி மறுபடி ஜாலான் புசாருக்குப் போனது. 1929-இல் திறந்த அந்தச் சின்ன அரங்கம் மூன்று தலைமுறைக்குச் சலிக்காமல் உழைத்திருக்கிறது.

2022 டிசம்பரில் விளையாட்டுத் துறைக்கான அரசு அமைப்பான ஸ்போர்ட் எஸ்ஜி, புதிய அரங்கம் இருக்கும் ஸ்போர்ட்ஸ் ஹப் வளாகம் முழுவதையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 25 ஆண்டு ஒப்பந்தம், அரங்கம் திறந்து எட்டு ஆண்டு கழிந்த நிலையிலேயே முடிந்துபோனது. பொதுமக்களும் பள்ளிகளும் கூடுதலாகப் பயன்படுத்த வேண்டும் என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. எனக்கு அது சரியாகவே படுகிறது. லாபம் பார்க்க வேண்டியவருக்குப் பள்ளி ஓட்டப்பந்தயமும் பாப் கச்சேரியும் ஒன்றாகத் தெரியாது, அவரைக் குறை சொல்லவும் முடியாது.

கேள்வி: அந்தக் கூரை எப்படித் தூண் இல்லாமல் நிற்கிறது? திறந்து மூட எவ்வளவு நேரம்? உள்ளே ஏர்கான் உண்டா?
(உயர்நிலைப்பள்ளி மாணவி, ஜூரோங்)

நல்ல கேள்வி. மதிப்பெண் போடும் பழக்கம் இருந்தால் போட்டிருப்பேன்.

ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 310 மீட்டர். நடுவில் தாங்குவதற்கு ஒரு தூண்கூடக் கிடையாது. காற்பந்துத் திடல் ஒன்றின் நீளம் 105 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மூன்று திடலை நீளவாக்கில் வைக்க இன்னும் ஐந்து மீட்டர்தான் வேண்டும். திறந்தபோது உலகிலேயே மிகப் பெரிய தூணில்லாக் குவிமாடம் என்று பெயர் பெற்றது. ஆரூப் நிறுவனத்தின் பொறியாளர்களும் டிபி ஆர்க்கிடெக்ட்ஸ் கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து வடிவமைத்தார்கள்.

சூட்சுமம் வளைவில் இருக்கிறது. தட்டையான கூரை தன் எடையால் நடுவில் தொய்யப் பார்க்கும். அதனால் கனமான உத்திரம் தேவை. குவிமாடத்தில் எடை வளைவின் வழியாக வழிந்து ஓரத்துக்குப் போகிறது. ஓரத்துக்குப் போனதும் என்ன செய்யும்? வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். அதை விரிய விடாமல் சுற்றிலும் ஒரு கான்கிரீட் வளையம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. உள்ளே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகளோடு இருக்கும் வளையம் அது. ஆகவே மெல்லிய எஃகுச் சட்டங்களே போதுமாகிவிட்டன.

உச்சியில் இரண்டு பலகங்கள் நகரும். திறக்கவோ மூடவோ அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அவற்றின் மேல் போர்த்தியிருப்பது கண்ணாடி இல்லை, இடிஎஃப்இ என்னும் இலேசான பிளாஸ்டிக் படலம். வெளிச்சத்தைக் கொஞ்சம் உள்ளே விடும். இரவில் விளக்குப் போட்டால் கடற்கரைச் சாலையிலிருந்தே நிறம் மாறுவது தெரியும். அரங்கத்தின் ஒரு பக்கம் மூடாமல் நகரத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது. ஆட்டம் சலிப்பாக இருந்தால் அந்தப் பக்கம் உள்ள உயர்கட்டடங்களைப் பார்க்கலாம். சில ஆட்டங்களில் அது எனக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கிறது.

முழு அரங்கத்துக்கும் ஏர்கான் போட்டால் மின்கட்டணம் தாங்காது. இருக்கைக்குக் கீழே, படிக்கட்டின் முகப்பிலிருந்து குளிர்ந்த காற்று மெதுவாக வரும். குளிர்காற்று கனமானது, மேலே ஓடிப்போகாமல் உட்கார்ந்திருப்பவரைச் சுற்றியே நிற்கும். உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டால் இன்னும் நன்றாக விளக்குவார்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழ்வரிசை இருக்கைகள் முன்னும் பின்னும் நகரும். காற்பந்து, ரக்பி என்றால் முன்னால் வந்து திடலை நெருங்கும், 55,000 பேர் பார்க்கலாம். ஓட்டப்பந்தயம் என்றால் பின்வாங்கி ஓடுபாதைக்கு வழிவிடும். அப்போது இருக்கை 50,000 அளவுக்குக் குறையும். வடிவமைப்பில் கிரிக்கெட்டுக்கும் ஏற்பாடு உண்டு. பழைய அரங்கத்தில் காற்பந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஓடுபாதைக்கு அப்பால் உட்கார்ந்து, கோல் போட்டவன் யார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் நாங்கள்.

கேள்வி: புதிய அரங்கத்தில் புல்லே முளைக்கவில்லை என்று ஒரு காலத்தில் செய்தி வந்ததே?
(வாசகர், ஆங் மோ கியோ)

முளைத்தது, ஒழுங்காக வேர் பிடிக்கவில்லை. கூரை அவ்வளவு பெரிது என்றால் நிழலும் அவ்வளவு பெரிது. காற்றோட்டம் குறைவு, ஈரப்பதம் அதிகம், போதாக்குறைக்கு அடுத்தடுத்து நிகழ்ச்சிகள். 2014 அக்டோபரில் பிரேசிலும் ஜப்பானும் ஆடியபோது திடலில் புல்லைவிட மணல் அதிகம் தெரிந்தது. நெய்மாருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை, நான்கு கோலையும் அவரே போட்டார். மற்றவர்கள் எல்லாரும் முகம் சுளித்தார்கள்.

2015-இல் வேறு வகைத் தரைக்கு மாறினார்கள். புல்லை வெளியே, வெயில் படும் இடத்தில் வளர்த்து, சுருட்டி எடுத்துவந்து விரிப்பது. கச்சேரி முடிந்ததும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். வளர்ப்பு விளக்குகளும் உண்டு. 2016 ஏப்ரலில் ரக்பி செவன்ஸ் நடந்தபோது தரையைப் பற்றி யாரும் பேசவில்லை, கென்யாவைப் பற்றித்தான் பேசினார்கள். ஃபிஜியை 30-7 என்று வீழ்த்தி முதல்முறையாக ஓர் உலகத் தொடர் கிண்ணத்தை வென்றது. ரக்பியில் எனக்கு அரைகுறை ஞானம்தான். அந்த மாலையில் அதுவே போதுமாக இருந்தது.

கேள்வி: கச்சேரி அரங்கம் என்று பெயரை மாற்றிவிடலாமே?
(வாசகர், பெயர் வேண்டாம் என்றிருக்கிறார்)

கோபம் புரிகிறது. 2024 ஜனவரியில் கோல்ட்பிளே ஆறு இரவு, மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட் ஆறு இரவு. காற்பந்து ரசிகர்களுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் பழைய அரங்கமும் சாமியார் மடம் இல்லை. 1986-இல் போப் இரண்டாம் ஜான் பால் அங்கே திருப்பலி நிறைவேற்றினார். 1993-இல் மைக்கேல் ஜாக்சன் ஆடினார். ஆண்டில் சில நாள் காற்பந்தை மட்டும் நம்பி இத்தனை பெரிய கட்டடம் பிழைக்காது. என் கேள்வி வேறு. கச்சேரிக்குக் கிடைக்கும் தேதிகளில் பத்தில் ஒரு பங்கு பள்ளி மாணவர்களுக்குக் கிடைக்கிறதா? தேசிய அரங்கத்தின் ஓடுபாதையில் ஒரு தடவை ஓடிய பதின்மூன்று வயதுப் பிள்ளை வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருக்கும். அப்படிச் சொல்லிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும், இப்போது அவர்களுக்கே பேரப்பிள்ளைகள்.

கேள்வி: தேசிய தின அணிவகுப்பு ஏன் அங்கே ஆண்டுதோறும் நடப்பதில்லை?
(வாசகி, சுவா சூ காங்)

பழைய அரங்கத்தில் 1976 முதல் 2006 வரை மொத்தம் 18 அணிவகுப்புகள் நடந்தன. என் மாணவர்களை அட்டைப் பலகையோடு உட்காரவைத்து, 'சிவப்பு, வெள்ளை, சிவப்பு' என்று கத்திக் குரல் போனவன் நான். புதியதில் 2016-இல் நடத்திப் பார்த்தார்கள். கூரைக்குக் கீழே வான்குடை வீரர்கள் குதிக்க முடியாது, கனரக ராணுவ வாகனங்கள் ஓட முடியாது. ஒத்திகைக்கென்று பல வாரம் இடத்தைப் பூட்டிவைக்க வேண்டும், மற்ற நிகழ்ச்சிகள் படுத்துவிடும். அடுத்து வந்த ஆண்டுகளில் பாடாங்குக்கும் மரினா பேக்கும் திரும்பிவிட்டார்கள்.

கேள்வி: டிக்கெட் எடுக்காமல் உள்ளே போய் ஓடலாம் என்கிறார்களே?
(வாசகர், கேலாங்)

இருக்கைப் பகுதிக்குள் போக முடியாது. ஆனால் குவிமாடத்தின் ஓரத்தை ஒட்டி அரங்கத்தைச் சுற்றி ஓர் ஓட்டப்பாதை இருக்கிறது. 310 மீட்டர் விட்டத்துக்குச் சுற்றளவு போட்டுப் பாருங்கள், ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். கூரை இருப்பதால் மழையிலும் ஓடலாம். காசு கிடையாது. இந்த வளாகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான், வடிவமைத்தவருக்கு என் சார்பில் ஒரு காபி.

35 ஹெக்டர் வளாகம் அது. பக்கத்திலேயே ஓசிபிசி நீர் விளையாட்டு மையம், 2015 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங் ஒன்பது தங்கம் அள்ளிய குளம். பூப்பந்து, கூடைப்பந்துக்கு ஓசிபிசி அரீனா. ஆற்றில் படகு வலிக்க இடம். ஜப்பானியர் கென்ஸோ டாங்கே வடிவமைத்து 1989 கடைசி நாளில் திறந்த உள்ளரங்கமும் அங்கேதான். அதற்கு மாற்றாக 18,000 பேர் அமரும் புதிய உள்ளரங்கம் ஒன்றைக் கட்டப்போவதாக அறிவித்திருக்கிறார்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. பழைய மலேசியக் கிண்ண ரசிகர். ஒரு காற்பந்து ஆட்டத்துக்கு அழைத்துப் போக ஆசை. நடக்கக் கொஞ்சம் சிரமப்படுவார். ஏதாவது யோசனை சொல்லுங்கள் சார்.
(வாசகி, புவன் விஸ்தா)

தாராளமாக அழைத்துப் போங்கள் அம்மா. எம்ஆர்டியில் வந்தால் காலாங் நிலையத்தில் இறங்காதீர்கள், அங்கிருந்து நடை அதிகம். வட்டப் பாதையில் 'ஸ்டேடியம்' நிலையத்துக்கு வாருங்கள். புவன் விஸ்தாவிலிருந்து மாறாமலே வரலாம். தூரம் சுற்றுத்தான், ஆனால் உட்கார்ந்துகொண்டு வரலாம்.

டிக்கெட் எடுக்கும்போது மேல்தட்டு வேண்டாம். மலிவுதான், ஆனால் அங்கே வரிசைகள் செங்குத்து, இறங்கும்போது முட்டி நடுங்கும். கீழ்த்தட்டில் நடைபாதையை ஒட்டிய ஓர இருக்கை கேளுங்கள். சக்கர நாற்காலி தேவைப்பட்டால் அதற்கென்று தனி இடம் இருக்கிறது, டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும், அன்றைக்கு வந்து கேட்டால் சிரமம். ஒரு மணி நேரம் முன்னதாக வாருங்கள். ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தோடு எழுந்திருக்காதீர்கள், கால்மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருங்கள். குளிர்காற்று வருகிறது என்றேன் அல்லவா, ஒரு மெல்லிய சட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நடுவரை அவர் மலாயில் ஏதாவது சொன்னால் தடுக்காதீர்கள்.